முதுகு வழியே வந்த கல்

என் கணவரின் அண்ணன் மனைவியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'முக்கு மிஸ்'. எங்கள் வீடு தெருமுக்கில் இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை. நகராட்சி நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. எந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கினாலும் முதல் வாரம் முழுக்க அதன் காதில் விழுவது ஒரே சொல்தான்: "முக்கு! தலைய முக்கு! மூக்குல தண்ணி போனா செத்தா போயிடுவ? முக்கு!"

எனக்கு அவள் ஓரகத்தி. அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். மூத்தார் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிக் கட்டடத்தின் குழிக்குள் கயிற்றில் தொங்கியபடி டீ குடிக்கிற மனிதர். அவர்களுடைய ஒரே மகன் தொலைதூரத்தில் வேலை பார்க்கிறான். நான் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் மாட்டுகிறவள்.

அக்காவுக்கு நாற்பது வயது நெருங்கும்போது சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி வர ஆரம்பித்தது. வலி அப்படியே தோள்பட்டைக்கு ஏறும். கையை வீசி வீசி நீந்துகிறவள் இல்லையா, சதை பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டினாள். ஒரு நாள் குளத்தின் படியிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை நிறையக் கல்.

சர்ஜன் நல்ல மனிதர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, நாலு சின்னத் தொளை போட்டுக் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்று படம் வரைந்து காட்டினார். அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"தண்ணில எப்ப இறங்கலாம் டாக்டர்?"

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பார்க்கப் போனபோது சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொப்புளில் ஒன்று, விலாவுக்குக் கீழே மூன்று. "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு, பாரு" என்றாள். மூத்தார் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒரு லிஃப்ட்டுக்குக் கதவு மாத்துறதுக்கே எங்களுக்கு இதைவிட நேரமாகும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதமே அவள் தண்ணீரில் இருந்தாள். தழும்புகூட வெளுத்து, தேடினால்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது ஒரு ஆபரேஷனாக நினைவில் நிற்கவில்லை. பல் பிடுங்கினால் மறந்துபோகுமே, அப்படி மறந்துபோனோம்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிப்போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவிடம் நீச்சல் கற்றுக்கொண்ட பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை; மாலையானால் உடம்பு கதகதக்கும், காலையில் போய்விடும். கன்னம் ஒட்டியது. "குளத்து மருந்துத் தண்ணி ஒத்துக்கல போல" என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏய், இங்க வா. முதுகுல என்னமோ உறுத்துது. எனக்குக் கண்ணாடில தெரியல."

வலது பக்கம், விலா முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்த மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் நெருப்பு.

எங்கள் பகுதி டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார். சர்க்கரை இருக்கா, அடிபட்டதா, முன்னால் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அக்கா, "பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முன்பக்கம் போட்ட தொளைக்கும் முதுகில் வந்த கட்டிக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

காயம் ஆறியது. ஆறிய இடத்திலேயே சில மாதத்தில் மறுபடி வீங்கியது. மறுபடி கீறினார்கள். இந்த முறை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கிறவர் திரையைப் பார்த்தபடியே, "பித்தப்பை எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார். "ஆமா, ரொம்ப வருஷம் ஆச்சு. தொளை போட்டு எடுத்தாங்க" என்றாள். "சரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சீழ் மேலோட்டமாக இல்லை, கல்லீரலுக்குப் பின்னால் வரை ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. ஏன் ஓடியது என்று தெரியவில்லை. சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். அதிலும் எதுவும் பிடிபடவில்லை. கடைசியில், இப்படி ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டே இருந்தால் டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அந்த மாத்திரை அவளைப் படுத்தியது கொஞ்சநஞ்சம் இல்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தேன். அதையும் பாதியில் தள்ளிவிடுவாள். ஆனால் மாத்திரை அவளைப் படுத்தியதைவிட, தண்ணீர் அவளைவிட்டுப் போனதுதான் படுத்தியது. முதுகில் திறந்த காயத்தோடு குளத்தில் இறங்க முடியாது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பச்சப் பிள்ளைங்க குளிக்கிற தண்ணி. இதோட நான் இறங்கினா அது பாவம்" என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கரையில் நின்று கத்திப் பார்த்தாள். ஆனால் நீச்சல் குரலால் வருகிற வித்தை இல்லையே. வயிற்றுக்கு அடியில் ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கை எப்போது விலகியது என்று பிள்ளைக்குத் தெரியாமல் விலக வேண்டும். கரையில் காய்ந்த உடுப்போடு நிற்கிற டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதார்கள். குளத்து மேனேஜர் ஒரு வாலிபனைக் கூட்டிவந்தார். "தற்காலிகமாத்தான் மிஸ், நீங்க வர்ற வரைக்கும்" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தற்காலிகம் என்றால் என்ன என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அதன்பிறகு காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை எனக்கு வந்தது. மூத்தாரால் முடியவில்லை. ஆகாயத்தில் தொங்குகிற மனிதர், அந்தத் துவாரத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். முதுகு அவன் கண்ணில் படவில்லை. என் கை நடுங்காது. பொட்டு அளவு திருகாணியை நாள் முழுக்க முடுக்குகிற கை. காலையில் கடைக்குப் போகுமுன் மாடிக்கு ஏறிவிடுவேன். காயத்துக்குள் வைத்த பழைய காஸ் துணிப் பட்டையை இடுக்கியால் மெல்ல உருவ வேண்டும். உருவ உருவ, மந்திரவாதி வாயிலிருந்து ரிப்பன் எடுப்பதுபோல் வந்துகொண்டே இருக்கும். சலைன் விட்டுக் கழுவி, புதுத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணிக்க வேண்டும். இறுக்கினால் வலிக்கும், தளர்ந்தால் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும்.

அக்கா தலையணையில் முகம் புதைத்துக் கிடப்பாள்.

"வலிக்குதாக்கா?"

"நீ பண்ணு. மூச்ச அடக்கிட்டுக் குப்புறக் கிடக்கிறது எனக்கு என்ன புதுசா?"

அப்படிச் சிரிப்பு காட்டுகிறவள்தான், ஒரு நாள் கட்டு முடிந்ததும் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தாள். பிறகு சொன்னாள்: "உங்க மூத்தார் இப்ப ஹால்ல படுக்கிறார், தெரியுமா? தான் குறட்டை விடுறாராம், என் தூக்கம் கெடுதாம். இருபத்தஞ்சு வருஷமா இல்லாத குறட்டை."

அந்த வாடை அறையில் இருந்தது உண்மை. சன்னலைத் திறந்துவைத்தாலும், ஊதுபத்தி கொளுத்தினாலும், திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"அவர் மேல தப்பு இல்ல. எனக்கே என் உடம்பு பிடிக்கல" என்றாள்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. டிபி மாத்திரை முடிந்தும் துவாரம் மூடவில்லை. அவள் உடம்பு பாதியாகிவிட்டது. நீச்சல்காரியின் தோள் இருந்த இடத்தில் இரண்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துணியை உருவிக்கொண்டிருந்தேன். இடுக்கியின் நுனியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எலும்பைத் தொட்டுவிட்டேனோ என்று பயந்து கையை எடுத்தேன். துணியோடு சேர்ந்து அதுவும் வந்து எவர்சில்வர் தட்டில் 'டிக்' என்று விழுந்தது. பச்சையும் கறுப்பும் கலந்த நிறம். ஒரு பயறு அளவு. கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கல்.

"என்னடி சத்தம்?"

காட்டினேன். அக்கா எழுந்து உட்கார்ந்து, அதை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"இது எனக்குள்ள இருந்தா வந்துச்சு?"

"ஆமாக்கா."

"முதுகு வழியாவா?"

மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த சர்ஜன் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். கல்லை விளக்குக்கு அடியில் புரட்டிப் பார்த்தார். அக்காவைப் படுக்கவைத்து வயிற்றைப் பார்த்தார். அந்த வெளுத்த தழும்புகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது பித்தப்பைக் கல்லும்மா."

"பையே இல்லயே டாக்டர் எனக்கு. எடுத்துப் பல வருஷமாச்சே."

"பைய எடுத்துட்டாங்க. எடுக்கும்போது பை கிழிஞ்சா சில நேரம் கல் உள்ளயே சிதறிடும். பெரும்பாலானவங்களுக்கு அது சும்மா கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. ரொம்பச் சிலருக்கு வருஷக்கணக்கா கழிச்சு அதைச் சுத்திச் சீழ் வைக்கும். உங்களுக்குக் கல்லீரலுக்குப் பின்னால போய் விழுந்திருக்கு. இந்த மாதிரிக் கல் எல்லா ஸ்கேன்லயும் தெரியாது."

"அப்ப டிபி?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். அக்கா அந்தத் தலையசைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுங்கிய மாத்திரை அத்தனையும் அவள் கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

பெரிதாகத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று முடிவானது. அதற்கு முன் அக்கா ஒரு பிடிவாதம் பிடித்தாள்: முதலில் ஆபரேஷன் செய்த சர்ஜனைப் பார்க்க வேண்டும். மூத்தார் கொதித்துப்போய் இருந்தார். "நானும் வர்றேன், அந்தாளை நாலு வார்த்த கேக்கணும்" என்றார். "நீங்க வந்தா நாலு வார்த்தையோட நிக்காது" என்று சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் இன்னும் அதே மருத்துவமனையில்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது, கை மட்டும் அப்படியே சுத்தமாக, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. அக்கா தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீச்சல் டீச்சர்" என்றார். "எப்ப தண்ணில இறங்கலாம்னு கேட்டீங்க."

"ஆமா."

"உங்க பை ரொம்ப வீங்கி ஒட்டிப் போயிருந்தது. வெளிய எடுக்கும்போது கிழிஞ்சது. கல் சிதறிச்சு. கண்ணுல பட்டத எல்லாம் பொறுக்கினேன். தண்ணி விட்டு நல்லாக் கழுவினேன். ஒண்ணு ரெண்டு இருந்திருக்கலாம்னு தெரியும். அதுக்காக அப்ப வயித்தைத் திறக்கிறது சரியில்ல. இன்னைக்கும் அதைத்தான் செய்வேன்."

"செஞ்சதப் பத்தி நான் கேக்க வரல டாக்டர். ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"சொன்னா பயந்துடுவீங்க. நூத்துல ஒருத்தருக்குக்கூட வராத ஒண்ண நினைச்சு எதுக்குப் பயம்னு விட்டுட்டேன்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

"நான் பயந்திருப்பேன். ஒரு வாரம் பயந்திருப்பேன். அப்புறம் மறந்திருப்பேன். ஆனா முதுகுல கட்டி வந்த அன்னைக்கு ஞாபகம் வந்திருக்கும். டாக்டர் கேட்டப்ப, உள்ள கல் விழுந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்த எங்கிட்ட இல்லாமப் போச்சு."

சர்ஜன் மேசையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். மனதார அவர் சொன்னது எனக்குத் தெரிந்தது. அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரிந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா, "திட்டிட்டு வந்திருக்கலாம். மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. இந்த முறை கொசுக்கடி இல்லை. விலாவுக்குக் கீழே முன்னாலிருந்து முதுகு வரை ஓடும் ஒரு வெட்டு. உள்ளே ஒரு கூடு மாதிரி சீழ்ப் பை, அதற்குள் இன்னும் சில கல். ஆனால் இத்தனை நாள் இருந்த சீழ் மேலே ஏறி, வலது நுரையீரலின் அடிப்பாகத்தை உதரவிதானத்தோடு சேர்த்து ஒட்டவைத்துவிட்டிருந்தது. பிரிக்க முடிந்த வரை பிரித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பெண் சர்ஜன் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்:

"கைக்குக் கிடைச்சது எல்லாம் எடுத்துட்டேன். எல்லாமே எடுத்தாச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒண்ணு ரெண்டு இருக்கலாம். காய்ச்சல் வந்தா உடனே வரணும். மூச்சும் முன்ன மாதிரி வராதும்மா."

மூத்தாருக்கு முகம் கறுத்தது. நல்ல வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா என்று அவருக்கு. அக்கா அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது சொன்னீங்களே" என்றாள்.

மூத்தார் ஹாலில் படுப்பதை நிறுத்தினார். முதல் நாள் தலையணையோடு அறை வாசலில் நின்று, "குறட்டை நின்னுடுச்சு" என்றாராம். அக்கா, "சுவத்துப் பக்கம் படுங்க, வெட்டு மேல கை படப் போகுது" என்று இடம் விட்டாளாம். அவ்வளவுதான் பேச்சு. அவள்தான் இதை என்னிடம் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

காயம் மெல்ல மூடியது. முழுக்கத் தோல் மூடி, தண்ணீர் படலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு மாலை குளத்துக்குப் போனோம். மூத்தாரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அக்காவின் பழைய நீச்சலுடை தொளதொளவென்று தொங்கியது. புதிதாக வாங்கலாம் என்றேன். "மொதல்ல நீந்திப் பாக்குறேன், அப்புறம் வாங்கலாம்" என்றாள்.

ஆழமில்லாத பக்கத்தில் இறங்கினாள். இடுப்புவரை தண்ணீர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவ்வளவு நாளில் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று வந்தது. பிறகு தலையை முக்கி, காலை உதைத்துப் புறப்பட்டாள். கையும் காலும் எதையும் மறந்திருக்கவில்லை. அழகாகத்தான் போனாள். பாதி தூரம்கூட இல்லை, தலையைத் தூக்கினாள். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போக மறுப்பது கரையில் நின்ற எனக்கே தெரிந்தது. கையை நீட்டி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

பக்கத்தில் மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் மிதந்துகொண்டிருந்தாள். புது வாத்தியாரிடம் கற்றுக்கொள்கிறவள், அக்காவைத் தெரியாது.

"ஆன்ட்டி, நீங்களும் இப்பத்தான் கத்துக்கிறீங்களா?"

அக்காவால் உடனே பேச முடியவில்லை. மூச்சு நிதானத்துக்கு வந்ததும், "ஆமாடா கண்ணு" என்றாள்.

"பயப்படாதீங்க. மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

மூத்தார் குனிந்து கை கொடுத்து அவளை ஏற்றிவிட்டார். துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவள், வெகுநேரம் அந்தப் பெண்ணையே பார்த்தாள். அந்த வாலிபனைக் கூப்பிட்டு, "அந்தக் குட்டி முட்டியை மடக்குது, தொடையில இருந்து உதைக்கச் சொல்லு" என்றாள். அவன், "சரிங்க மிஸ்" என்றான். மேனேஜர் வந்து, டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்கார ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்ததும், "தினம் அந்தத் தண்ணிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால டோக்கன் கிழிக்க முடியாதும்மா" என்று என்னிடம் சொன்னாள். அதன்பிறகு குளத்துத் தெருப் பக்கமே அவள் போகவில்லை.

இப்போது மாடிப்படி ஏறுவதும் சிரமமாகிவிட்டது. நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் போன மாதம் வீட்டை மாற்றிக்கொண்டோம். அவர்கள் கீழே, நாங்கள் மேலே. லிஃப்ட் போட்டுத் தருகிறேன் என்று மூத்தார் தினமும் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டின் படிக்கட்டில் அதற்கு இடம் இல்லை என்று அவருக்கு முதல் நாளே தெரியும். கட்டில், பீரோ எல்லாம் இறக்கி, எங்களுடையதை ஏற்றி முடிக்க ஒரு நாள் முழுக்க ஆனது. அக்கா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எது எங்கே போக வேண்டும் என்று எங்களை விரட்டினாள். குரலில் பழைய அதட்டல் இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மட்டும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அவ்வப்போது மாலையில் அவள் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். நான் பார்த்துவிட்டால் முடியை ஒதுக்குவதுபோல் கையை எடுத்துவிடுவாள். நேற்று மூத்தாரைப் போகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தொட்டுப் பாரு. சுடுதா?"

தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சுட்டது. "இல்லக்கா, வெயில்ல உக்காந்திருந்த சூடு" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"கொஞ்சம் சுடுதுக்கா. நாளைக்கு டாக்டரப் பாத்துடலாம்" என்றேன்.

"ம்" என்றாள். "ஆஸ்பத்திரிப் பைய எடுத்து வை."

இன்று காலை போய் வந்தோம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார்கள். அக்கா கீழே படுத்திருக்கிறாள். மூத்தார் வேலைக்குப் போகவில்லை. சன்னலோரம் நின்று, ஏற்கெனவே நன்றாக ஓடுகிற மேசை மின்விசிறியைக் கழற்றிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.